கட்டைவிரல் எட்டாத இடம்

"உன் கணக்குல இப்போ எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்.

வேலைக்கான நேர்காணல் அது. என் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் மேசைமேல் இருந்தன. அவர் அவற்றைத் தொடவே இல்லை.

"சரியாத் தெரியலை," என்றேன்.

"சுமாரா?"

"சுமாராவும் தெரியலை."

"கடைசியா எப்போ பார்த்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "பதினோரு நாள் ஆச்சு."

"பதினோரு நாள்னு கணக்கா தெரியுது. எவ்வளவுன்னு மட்டும் தெரியலை." அவர் சிரிக்கவில்லை. "ஏன் பார்க்கலை?"

"பார்த்தா குறைஞ்சிருக்கும்."

"பார்க்கலைன்னா குறையாதா?"

"குறையும். ஆனா எனக்குத் தெரியாது."

அவர் நாற்காலியில் சாய்ந்து, மூலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சித்தப்பா, கேட்டீங்களா? ரெண்டு மாசமா நான் தொண்டை கிழியச் சொல்றதை இந்தப் பொண்ணு ஒரு வரியில சொல்லிட்டா."

மூலையில் இரண்டு திரைகளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கேட்டேன், கேட்டேன். சம்பளம் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு உண்மை பேசாதேம்மா. முதலாளி காதுல விழுந்தா அதுலயும் குறைச்சுடுவார்."

"ரெண்டு பாஷையிலயும் எழுத வருமா?" என்று அவர் என்னிடம் திரும்பினார்.

"வரும்."

"வீட்டுல எதுல திட்டு வாங்கினே?"

"தமிழ்ல."

"பள்ளிக்கூடத்துல?"

"இன்னொண்ணுல."

"அப்போ ரெண்டுலயும் எப்படித் திட்டக்கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். திங்கட்கிழமை வந்துடு."

பேச்சு அவ்வளவுதான். சான்றிதழ்களை உறையோடு திருப்பித் தந்தபோதுதான் அவருடைய வலது கட்டைவிரலைக் கவனித்தேன். நகத்தைச் சுற்றி நீல மை ஊறியிருந்தது. ஒருநாள் மை அல்ல.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் கட்டைவிரல் அக்கா. கோபம் இல்லாத நாள்களில் முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். வயது முப்பத்து நான்கு. காகிதம் பிடிக்கும் கறுப்புக் கிளிப்பால் தலைமுடியைத் தூக்கிச் செருகியிருப்பார். அவசரமென்றால் அதையே கழற்றிக் காகிதக் கட்டில் மாட்டிவிட்டு, முடி முகத்தில் விழ விழ வேலை செய்வார்.

அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில். கீழே இயந்திரங்கள் சுழலும்போது எங்கள் மேசைகளில் குவளைத் தண்ணீர் நடுங்கும். மூன்று மேசை, முதலாளிக்கு ஒரு கண்ணாடி அறை. முதல் சம்பளம் வாங்கத் தொடங்கிய இளையவர்கள், வாங்கிய பணம் எங்கே போகிறது என்று தங்கள் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ள உதவும் ஒரு செயலியைத்தான் செய்துகொண்டிருந்தோம். சித்தப்பா அதற்கு நிரல் எழுதினார். அவர் எங்களில் யாருக்கும் சித்தப்பா அல்ல. ஒரு வங்கியின் கணினிகளோடு இருபத்தைந்து வருடம் மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், வயதில் மூத்தவர் என்பதால் கிடைத்த பட்டம். நான் இரண்டு மொழியிலும் சொற்களை எழுதினேன். எந்தத் திரை எப்படி இருக்கவேண்டும், எது எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது அக்கா.

அதற்கு அவர் வைத்திருந்த வழி வேறு எங்கும் நான் பார்க்காதது. ஃபோன் அளவுக்கு வெட்டிய காகிதத்தில் திரையைப் பென்சிலால் வரைவார். உயிர்போன பழைய ஃபோன் ஒன்றின்மேல் அந்தக் காகிதத்தைச் செருகுவார். அதையும் ஒரு ஸ்டாம்ப் பேடையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கோ மருத்துவமனை கேண்டீனுக்கோ கிளம்பிவிடுவார். இருபது, இருபத்திரண்டு வயதில் யாராவது கிடைத்தால், "ஒரு நிமிஷம் தம்பி, விரலைக் கொஞ்சம் மையில வையேன். பயப்படாதே, சொத்தெல்லாம் எழுதி வாங்கலை," என்பார். மற்றக் கையில் குடையோ பையோ இருந்தால் அதைக் கீழே வைக்க விடமாட்டார். "அப்படியே இரு. ஒத்தைக் கையாலேயே பிடி. இப்போ மீதி எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும், எங்கே அமுக்குவே?" விரல் பட்ட இடத்தில் நீலக் கறை விழும். ஒரு ஆளுக்கு ஒரு தாள்.

நான் சேர்ந்தபோது நூற்று நாற்பத்தாறு தாள்கள் இருந்தன. வெயில் நேரத்தில் பத்துப் பத்தாக அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடிப்பார். கறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திரையின் கீழ்ப்பாதியில் ஒரே இடத்தில் கருநீலமாகக் கூடும். "பார்த்தியா, இங்கேதான் விரல் தூங்குது," என்பார். அந்த இடத்தில் 'மீதியைக் காட்டு' என்ற பொத்தானை வைத்தார். பார்க்கப் பயப்படுகிறவர்கள் பார்ப்பதற்கு ஒரு விரல்கூட நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அவர் மேசைக்கு மேலே, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரிகள் ஒட்டியிருந்தன. சிவப்பு கூடாது. திட்டக் கூடாது. ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் முன்னால் காட்டக் கூடாது.

சிவப்புக்கு ஒரு கதை உண்டு. முதலில் செய்த பதிப்பில், பணம் குறையக் குறைய எண் சிவப்பாக மாறும். முதலாளியின் யோசனை. சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் இரண்டு வாரம் தினமும் திறந்தார்கள். இருபதாம் தேதிக்குமேல் ஒருவரும் திறக்கவில்லை. ஏன் என்று அக்கா ஒரு பயிற்சி நர்ஸிடம் போய்க் கேட்டார். "பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்குக்கா," என்றாளாம் அவள். அன்றோடு சிவப்பு போயிற்று. முதலாளி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஒரு மதிய உணவு வேளையில், எங்கிருந்து இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். நான் சாதாரணமாக இப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், டப்பாவை வழித்துக்கொண்டே சொன்னார்.

இருபத்தொன்றாவது வயதில் முதல் வேலை. தங்கும் அறைக்கு முன்பணம் தரவேண்டும். ஃபோனில் எட்டாயிரம் கடன் வாங்கினார். வாங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்கினார். ஏழே மாதத்தில் ஐந்து இடம். தவணை தவறியதும் அவர் ஃபோனில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அத்தை, கல்லூரி ஆசிரியை, குழாய் ரிப்பேர் செய்கிறவர் வரைக்கும்.

"குழாய்க்காரர் பாவம், என்கிட்டயே வந்து, தனக்கு என்ன கடன்னு விசாரிச்சார்," என்றார்.

அக்காவின் அப்பா மாற்றுச் சாவி செய்கிறவர். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய கடை. ஒரே நாளில் அவருக்கு முப்பத்திரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்றைக்கூட அவர் எடுக்காமல் விடவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில். "என் பொண்ணு வாங்கினது எட்டாயிரம். நீ கேக்குறது எவ்வளவு? அதைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மாட்டேன்னா ஃபோனை வை, எனக்கு வேலை இருக்கு."

"உங்களைத் திட்டலையா?"

"ஒரு வாரம் பேசலை. திட்டியிருந்தாத் தேவலை." டப்பாவை மூடினார். "அடைச்சு முடிக்க நாலு வருஷம். கடைசித் தவணை கட்டின அன்னிக்கு அழுகை கிழுகை எல்லாம் வரலை. பசிச்சுது. போய்ச் சாப்பிட்டேன்."

அந்த மழைக்காலத்தில்தான் முதலாளி கடன் நிறுவனத்தோடு பேச்சைத் தொடங்கினார்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். செயலி இலவசம், இரண்டு மாதமாகச் சம்பளம் பத்தாம் தேதிக்குமேல்தான் வந்துகொண்டிருந்தது. செயலியில் ஒரு கடன் பொத்தான் வைத்தால், அதன் வழியாக வாங்கப்படும் ஒவ்வொரு கடனுக்கும் எங்களுக்குக் கமிஷன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து இதை அவர் விளக்கியபோது குரல் கொஞ்சம் கெஞ்சியது.

"வைக்கலாம் சார்," என்றார் அக்கா, எல்லாரும் ஆச்சரியப்படும்படி. "உள்ளே, மெனுவுல வைக்கலாம். தேவைப்படுறவங்க தேடிப் போவாங்க."

"தேடிப் போனா யாரும்மா வாங்குவாங்க?" முதலாளி எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கே அக்கா காலையில் ஒட்டிவிட்டு எடுக்க மறந்த பத்துத் தாள்கள் வெளிச்சத்தில் நின்றன. நடுவில் அந்தக் கருநீலக் கறை. அதன்மேல் முதலாளி தன் விரலை வைத்தார். "இங்கே. நீங்களே கண்டுபிடிச்ச இடம். லோன் பட்டன் இங்கே வரணும்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நூற்று நாற்பத்தாறு பேரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கறைகள். யாரை எதிலிருந்து காப்பாற்ற அவர் அலைந்தாரோ, அதற்கே வழிகாட்டிப் பலகையாக நின்றன அவருடைய தாள்கள். எழுந்து போய் ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுத்தார். ஒட்டுத்தாள் சரக் சரக்கென்று பிரிந்தது.

"நான் வரையமாட்டேன்," என்றார்.

"இது வேண்டுகோள் இல்லை."

"இதுவும் வேண்டுகோள் இல்லை சார்."

முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பிடிக்கலைன்னா கதவு திறந்துதான் இருக்கு."

"தெரியும். அந்தக் கதவுக்குச் சாவி செஞ்சதே எங்கப்பாதான்." தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "நான் ஏன் சார் போகணும்? தப்பான இடத்துல இருக்கிறது பட்டன். நான் சரியான இடத்துலதான் இருக்கேன்."

சித்தப்பா இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல் என்று எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

"கண்ணை மூடிக்கிட்டா அமுக்குறாங்க ஜனங்க?" என்றார் முதலாளி. "கடன்னு எழுதியிருக்கும். படிச்சுட்டு வேணும்னா வாங்குவான், வேண்டாம்னா விடுவான். படிக்காம அமுக்குற மடையனுக்கெல்லாம் நான் பொறுப்பா?"

"சரி. ஒரே ஒரு வாரம் நீங்களே உங்க ஃபோன்ல வெச்சுப் பாருங்க. நீங்க சொல்ற இடத்துலயே சித்தப்பா வெச்சுத் தருவார். அப்புறம் நானே வரையறேன்."

அதில் முதலாளிக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை. ஒத்துக்கொண்டார். சோதனைப் பதிப்பைக் கடன் நிறுவனத்தின் கணினியோடு இணைத்தாகிவிட்டது. பெயருக்குத்தான் சோதனை, அதன் வழியாக வரும் பணம் நிஜம். முதலாளி தன் விவரங்களையெல்லாம் பதிவு செய்துகொண்டார். எங்கள் பட்டியலில் கணக்கு எண் ஒன்று அவருடையது.

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்குச் சித்தப்பா என்னையும் அக்காவையும் கைகாட்டிக் கூப்பிட்டார். திரையில் ஒரு வரியைச் சுட்டினார். கணக்கு எண் ஒன்று. நேரம் ஒன்பது நாற்பது. கடன் மூவாயிரம். கட்டணம் பிடித்ததுபோக இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது வரவு.

"வேணும்னு வாங்கியிருப்பாரோ?" என்றேன்.

"மூணு தட்டு, ஒண்ணரை செகண்டுல," என்றார் சித்தப்பா. "மனுஷன் வீட்டு லிஃப்ட்டுல இருந்திருப்பார். சிக்னல் மெதுவா வந்திருக்கும். ஆப் திறக்கலைன்னு டக் டக் டக்னு தட்டியிருக்கார். முதல் தட்டுல திறந்துடுச்சு, ரெண்டாவதுல லோன், மூணாவதுல சரி. இன்னும் அவருக்கே தெரியாது. மெசேஜ் வந்திருக்கும், எவன் படிக்கிறான்?" அவர் முகம் விளக்கு போட்டதுபோல இருந்தது. "சாயங்காலம் மீட்டிங் இருக்குல்ல? பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டிடுவோம். படிக்காம அமுக்குற மடையன்! அவர் வாயாலயே சொன்னாரே!"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இதைவிட நல்ல ஆயுதம் யாருக்குக் கிடைக்கும்?

அக்கா தன் மேசைக்கு மேலிருந்த காலண்டர் தாளைக் காட்டினார். "மூணாவது வரி என்ன சித்தப்பா?"

"அது ஜனங்களுக்கும்மா."

"முதலாளி ஜனம் இல்லையா?"

"இவ்வளவு பேசினவர்—"

"பேசட்டும். என் கணக்கைப் பத்துப் பேர் முன்னால படிச்சாங்க. நான் யார் கணக்கையும் படிக்கமாட்டேன். இவரை வெட்கப்படுத்தித்தான் நான் ஜெயிக்கணும்னா, அந்த லோன்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" கிளிப்பைத் தலையில் செருகிக்கொண்டார். "நீங்களும் இதை மறந்துடுங்க. நீயும்."

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. முதலாளி ஃபோனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். அக்கா ரொம்பப் பேசவில்லை. நடுவில் ஒருமுறை எழுந்து, அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு அக்காவிடம் கேட்டேன், முதலாளி என்ன சொன்னார் என்று.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'வேற யாருக்குத் தெரியும்?'னு." கொஞ்சநேரம் ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "எல்லாரும் முதல்ல கேக்குறது அதைத்தான். எவ்வளவு கட்டணும்னுகூடக் கேக்கமாட்டாங்க. நானும் அப்படித்தான் கேட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு பேருக்குத் தெரியும், மூணு பேரும் வாயைத் திறக்கமாட்டாங்கன்னேன். இன்னிக்கே கட்டி முடிச்சா எவ்வளவுன்னும் சொன்னேன். கட்டிட்டார்."

இவ்வளவு நடந்தபிறகு முதலாளி மனம் மாறியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மாறவில்லை. அடுத்த நாள் அக்காவின் மேசைக்கு அவரே வந்தார். கையில் சம்பளப் பட்டியல்.

"பட்டன் அங்கேதான் இருக்கணும்," என்றார். குரலில் முந்தைய சூடு இல்லை. "கையெழுத்துப் போட்டாச்சு. இல்லைன்னா அடுத்த மாசம் உங்க மூணு பேருக்கும் என்னால கொடுக்க முடியாது. என்னைக் கொன்னாலும் இதுதான் நிலைமை."

அக்கா அந்தப் பட்டியலைப் பார்த்தார். என் பெயர் அதில் கடைசியில் இருந்தது. "சரி சார். முதல் பக்கம் உங்களோடது. அங்கேயே வைக்கிறேன். வரையறேன்னு சொன்னேன், வரையறேன்."

முதலாளி நம்பமுடியாமல் நின்றார்.

"அதை அமுக்கினா அடுத்தாப்ல ஒரு பக்கம் வருதே, சரியான்னு கேக்குற பக்கம். அது யாரோடது?"

"அது... என்னவோ பண்ணிக்கோங்க."

"என்னவோன்னா, என் இஷ்டம்தானே?"

"லோன் கம்பெனிக்காரங்க கேட்ட விவரம் எல்லாம் அதுல இருக்கணும். ஒளிச்சு கிளிச்சு வைக்கக்கூடாது."

"ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை சார்."

அன்று மதியம் வெயில் இருந்தது. நூற்று நாற்பத்தாறு தாள்களையும் மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இந்தமுறை அவர் கறையைப் பார்க்கவே இல்லை. கறை இல்லாத இடத்தைப் பார்த்தார். திரையின் மேல் விளிம்பு, வலக்கைக்காரர்கள் இடக்கைக்காரர்கள் எல்லாருடைய தாளிலும் சுத்த வெள்ளையாக இருந்தது. நூற்று நாற்பத்தாறு பேரில் ஒருவருடைய கட்டைவிரலும் அங்கே போனதில்லை. ஒற்றைக் கையில் ஃபோனைப் பிடித்திருந்தால் போகவும் முடியாது.

'சரி, வாங்குகிறேன்' என்ற பொத்தானை அவர் அங்கே வரைந்தார். சின்னதாக அல்ல, மங்கலாக அல்ல. திரையின் முழு அகலத்துக்கு, யார் கண்ணுக்கும் தப்பாதபடி. விரல் தூங்கும் இடத்தில் 'வேண்டாம், திரும்பு' என்ற பொத்தான். யோசிக்காமல் தட்டினால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். வாங்கவேண்டுமென்றால் இன்னொரு கை வேண்டும். அந்தக் கையில் இருக்கும் குடையை, பையை, எதுவோ அதைக் கீழே வைக்கவேண்டும்.

சித்தப்பா அதை வாங்கி, கட்டைவிரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு, "இருபத்தஞ்சு வருஷம் பேங்க்ல இருந்தேன்," என்றார். "இப்படி ஒரு கவுண்ட்டர் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே நிரல் எழுதி முடித்தார்.

கடன் நிறுவனத்து மேலாளர் பார்வையிட வந்தார். கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றபடியே ஃபோனை வாங்கினார். முதல் பக்கம். பொத்தான் அவர்கள் கேட்ட இடத்திலேயே. முகம் மலர்ந்தது. தட்டினார். அடுத்த பக்கத்தில் கட்டைவிரலை நீட்டினார், எட்டவில்லை. ஃபோனை உள்ளங்கையில் சறுக்கிப் பார்த்தார். நழுவப் பார்த்தது. பழக்கத்தில் கீழே தட்டினார், திரும்பிவிட்டது. மறுபடி. மறுபடி திரும்பியது.

"என்னங்க இது? கப்பைக் கீழே வெச்சுட்டுத்தான் கடன் வாங்கணுமா?"

"ஆமாம் சார்," என்றார் அக்கா. "கப்பைக் கீழே வெச்சுட்டு வாங்குங்க."

"ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"கண்ணுக்கு நேராத்தான் சார் இருக்கு. கைக்குத்தான் தூரம்."

மேலாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இடத்தை மாத்திடுங்க என்ற ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் கை தன் சட்டைப் பையிலிருந்த ஃபோனைத் தொட்டது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அது பாதுகாப்பு ஏற்பாடு," என்றார் முதலாளி. "தெரியாம அமுக்கிடுறாங்க சார். படிச்சவங்க, பெரிய பெரிய ஆளுங்க, அவங்களே அமுக்கிடுறாங்க. எங்களுக்கு அனுபவம் இருக்கு."

சித்தப்பா இருமினார்.

மேலாளர் கோப்பையை மேசையில் வைத்தார். இரண்டு கையாலும் தட்டினார். வேலை செய்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டு போனார். கமிஷன் முதலாளி கணக்குப் போட்டதில் பாதிதான் வந்தது. சம்பளம் இன்னும் பத்தாம் தேதிக்குமேல்தான். முதலாளி அதை மாதாமாதம் அக்காவிடம் சொல்லிக்காட்டுவார். அக்கா மாதாமாதம் "சரி சார்" என்பார். பொத்தான் மட்டும் இறங்கவில்லை.

அந்த இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. மேலாளர் அதைப் படிக்கவில்லை. அதை எழுதியது நான். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அதை எழுதச் சொல்லி அவர் கேட்ட மதியம்தான். தாள்களையெல்லாம் கட்டிவிட்டோம். கீழே இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. பென்சிலால் வரைந்த பக்கத்தை என் முன்னால் வைத்து, மேலே ஒரு பொத்தானுக்கும் கீழே ஒரு பொத்தானுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் மை படிந்த விரலை வைத்தார்.

"இந்த இடம் உனக்கு. ஒரே ஒரு வரி," என்றார். "பயமுறுத்தாதே. புத்தி சொல்லாதே. கெஞ்சவும் வேண்டாம், யார் கெஞ்சினாலும் நான் அப்போ கேட்டிருக்கமாட்டேன். பதினோரு நாள் பார்க்காம இருந்தவ நீ, உனக்குத் தெரியும். இருபத்தொரு வயசுல அந்த ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு நான் ஃபோனைக் கையில எடுத்தேனே, அன்னிக்கு இதைப் படிச்சிருந்தா ஒரு நிமிஷம் நின்னிருப்பேன்கிற மாதிரி ஒரு வரி. ரெண்டு பாஷையிலயும் எழுதிக் கொடு."